பக்கத்து வேலியும் அஞ்சறைப் பெட்டியும்

எங்கள் குடும்பப் பெயர் 'எஸ்' எழுத்தில் தொடங்குகிறது. அதனால் 2020 ஏப்ரலில் நாங்கள் கடைக்குப் போக முடிந்தது புதன்கிழமையும் சனிக்கிழமையும்தான். கொரோனா ஊரடங்கால் மார்ச் கடைசியில் மொரிசியஸ் முழுவதும் சூப்பர் மார்க்கெட்டுகளை மூடியிருந்தார்கள். ஏப்ரல் 2ஆம் தேதி திறந்தபோது, பெயரின் முதல் எழுத்தைப் பார்த்து ஆளுக்கு வாரத்தில் இரண்டு நாள் என்று பிரித்துவிட்டார்கள். வரிசையில் நின்று உள்ளே போனால் அரிசி, பருப்பு, எண்ணெய் கிடைத்தன. கொத்தமல்லித் தழை கிடைக்கவில்லை. விதை விற்கும் கடைகளோ திறக்கவே இல்லை.

ரோஸ் ஹில் ஸ்டான்லி பகுதியில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு சிறு நிலம் இருக்கிறது. எரிமலைக் கல் பாதி, மண் பாதி. அதுவரை அங்கே இரண்டு செம்பருத்திச் செடிகளைத் தவிர வேறெதுவும் இல்லை. நான் தொடக்கப் பள்ளியில் தமிழ் கற்பிக்கிறவள். பள்ளி மூடியிருந்த அந்த வாரங்களில் ஒருநாள், அஞ்சறைப் பெட்டியில் இருந்த மல்லியை ஒரு பிடி எடுத்து அந்த மண்ணில் தூவினேன். பதினைந்து நாள் தண்ணீர் ஊற்றினேன். ஒன்றுகூட முளைக்கவில்லை.

காரணம் பிறகுதான் புரிந்தது. அந்த மல்லி எங்கள் பெட்டிக்கு வந்தே ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. அடுப்புக்குப் பக்கத்தில் சூட்டிலும் ஆவியிலும் கிடந்த விதைக்கு உயிர் எங்கே இருக்கும்? அடுத்த சனிக்கிழமை புதிய பாக்கெட் ஒன்று வாங்கினேன். இந்த முறை தூவுவதற்கு முன் பத்து விதைகளை எண்ணி, ஈரத் துணியில் சுருட்டி, ஒரு டப்பாவில் வைத்தேன். பத்தாம் நாள் பிரித்துப் பார்த்தபோது ஏழில் வெள்ளை வேர் எட்டிப் பார்த்தது. அன்றிலிருந்து இந்தப் பத்து விதைச் சோதனையைச் செய்யாமல் எதையும் நான் விதைத்ததில்லை. ஏழு முளைத்தால் வழக்கம்போல் விதைக்கலாம். நான்கு முளைத்தால் இரட்டிப்பாகத் தூவ வேண்டும். ஒன்றோ இரண்டோதான் என்றால் ரசப்பொடிக்கு அனுப்பிவிடலாம்.

மல்லி விதை என்று நாம் சொல்வது ஒரு காய். உள்ளே இரண்டு விதைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருக்கும். சப்பாத்திக் கட்டையை அதன்மேல் மெல்ல உருட்டினால் இரண்டாகப் பிளந்துகொள்ளும். நசுக்கிவிடக் கூடாது, 'டக்' என்ற ஒலி கேட்டதும் நிறுத்த வேண்டும். பிளந்ததை ஓர் இரவு தண்ணீரில் ஊற வைத்து விதைத்தால் முளைப்பு சீராக வருகிறது. இன்னொன்று, மல்லிக்கு வெயில் ஆகாது. இங்கே மே முதல் செப்டம்பர் வரை குளிர்காலம், அப்போது நன்றாகத் தழைக்கும். கோடையில், டிசம்பரில் விதைத்தால் நான்கு இலை விட்டதுமே பூக்கப் போய்விடும். கியூர்பைப், வாகுவா போன்ற மேட்டு நிலத்தில் இருப்பவர்களுக்கு இன்னும் கொஞ்சம் சலுகை உண்டு.

அதற்குப் பிறகு சமையலறையையே வேறு கண்ணால் பார்க்கத் தொடங்கினேன். வெந்தயம் நான்கு நாளில் முளைக்கும், மூன்று வாரத்தில் கீரையாகும். கடுகும் அப்படியே. காய்ந்த மிளகாயை உடைத்தால் விதை கொட்டும். பசார் என்று இங்கே சொல்லும் சந்தையில் விற்கும் ரொட்ரிக்ஸ் தீவுச் சிவப்பு பீன்ஸ் அப்படியே நட்டால் வரும், உள்ளூர்க் காற்றுக்குப் பழகிய விதை அது. உடைத்த துவரம் பருப்பு முளைக்காது. முழுத் துவரை கிடைத்தால் வேலியோரம் நான்கு போட்டு வைக்கலாம், சில வருடங்கள் நின்று காய்க்கும். சந்தை இஞ்சியிலும் மஞ்சளிலும் கண் தெரிகிற துண்டுகளாகப் பொறுக்கி, ஆகஸ்டில் ஈர மணலில் புதைத்து வைத்தால் செப்டம்பர், அக்டோபருக்குள் முளை தெரியும். பிறகு நடலாம். சேப்பங்கிழங்கும் அதே கதைதான். சௌசௌவை நறுக்கவே வேண்டாம். முழுக் காயை நிழலில் வைத்தால் அதன் வாயிலிருந்தே முளை வரும். முளையோடு சாய்த்து வைத்து, பாதி மண்ணுக்குள் இருக்கும்படி புதைத்தால் போதும். அதன் கொடி நுனியையும் இந்த ஊரில் கீரையாகச் சமைக்கிறார்கள் என்பதால் காய் வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம்.

பசார் திறந்த பிறகு இன்னொரு வாசல் திறந்தது. காலையில் போகாமல் கடை கட்டும் நேரத்தில் போக வேண்டும். முற்றி நார் ஏறிய வெண்டை, மஞ்சளாகிப் போன கத்தரிக்காய், விண்டு சிவந்த பாகற்காய் எல்லாம் அந்த நேரத்தில் கூடைக்கு அடியில் கிடக்கும். யாரும் வாங்க மாட்டார்கள். எனக்கு வேண்டியதோ அவைதான். சமையலுக்கு வாங்கும் பிஞ்சுக் கத்தரியில் இருக்கும் விதை முளைக்காது. காய் மஞ்சளாகி, தோல் தடித்து, அழுகப் போகிற கட்டத்தில்தான் உள்ளே விதை முற்றியிருக்கும். "லாக்ரேன்" என்று இந்த ஊர்ப் பேச்சுமொழியான கிரியோலில் சொன்னால் விதைக்காகத்தான் கேட்கிறேன் என்று வியாபாரிக்குப் புரிந்துவிடும். பெரும்பாலும் காசு வாங்காமல் கொடுத்துவிடுவார்கள். நான் வேறு காய் எதையாவது கட்டாயம் வாங்கிக்கொண்டுதான் கேட்பேன். அவர்களும் அந்தக் கூடையை நம்பித்தான் பிழைக்கிறார்கள்.

தக்காளியில் ஒரு வேலை கூடுதல். விதையைச் சுற்றி இருக்கும் வழவழப்பு முளைப்பைத் தடுக்கும். சாற்றோடு ஒரு கிண்ணத்தில் வழித்துப் போட்டு, இரண்டு மூன்று நாள் மூடி வைத்தால் நுரைத்துப் புளிக்கும். பிறகு அலசினால் நல்ல விதை அடியில் தங்கும், சொத்தை மிதக்கும். தட்டில் பரப்பிக் காய வைக்க வேண்டும், தாளில் பரப்பினால் ஒட்டிக்கொள்ளும். ஆனால் சந்தைத் தக்காளி பல வீரிய ஒட்டு ரகம். அந்தக் காய் போலவே பிள்ளையும் இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. முதல் வருடம் நான் போட்ட எட்டுச் செடிகளில் காய்கள் மூன்று விதமாக வந்தன. அவற்றில் மழையிலும் வெடிக்காமல் நின்ற ஒரே செடியிலிருந்து விதை எடுத்து, ஒவ்வோர் ஆண்டும் அப்படியே தொடர்கிறேன். நான்கு வருடத்தில் அது ஒரு மாதிரி நிலைத்துவிட்டது.

பக்கத்து வீட்டு ஆயாவைப் பற்றிச் சொல்லாமல் இதை எழுதக் கூடாது. எனக்கு உறவில்லை. தெருவில் எல்லாரும் அவரை ஆயா என்றுதான் அழைப்போம். பேச்சு முழுவதும் கிரியோல். ஆனால் காய் பெயர் வந்தால் அதற்குள்ளிருந்து தமிழ் எட்டிப் பார்க்கும். கொத்தமல்லி இங்கே கோத்தோமிலி, கறிவேப்பிலை கரிப்புலே, முருங்கை முரூம். தமிழர் அல்லாதவர்களும் இந்தப் பெயர்களைத்தான் சொல்கிறார்கள். பீர்க்கங்காய்க்கு இங்கே பிப்பங்காய் என்று பெயர். வகுப்பில் பிள்ளைகளிடம் இதைச் சொன்னால் கண்கள் விரியும். தங்கள் வாயில் ஏற்கெனவே தமிழ் இருக்கிறது என்று அவர்கள் அறியும் இடம் அது.

ஆயாவின் பீர்க்கு கடையில் கிடைக்கிற மாதிரி இல்லை. குட்டையாக, கையகல நீளத்தில், வரம்புகள் கூர்மையாக இருக்கும். நன்றாக வளர்ந்த பிறகும் நார் விடாது. அவருடைய மாமியார் காலத்து விதை. ஊரடங்கு நாளில் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று நான் விதை கேட்டேன். அவர் உடனே கொடுத்துவிடவில்லை.

"விதை கொடுப்பது பெரிதல்ல, மகளே. அடுத்த வருடம் என்னிடம் வந்து மறுபடியும் கேட்கக் கூடாது. சாயங்காலம் வா, காட்டுகிறேன்" என்றார்.

அன்று மாலை ஐந்தரை மணிக்கு வேலியோரம் போய் நின்றேன். பீர்க்கு மாலையில் பூக்கும் என்றே எனக்கு அதுவரை தெரியாது. பகலெல்லாம் மூடிக் கிடந்த மொட்டுகள் வெயில் தாழ்ந்ததும் மஞ்சளாக விரிந்தன. ஆண் பூ ஒரே காம்பில் கொத்தாக வருகிறது. பெண் பூ தனியாக, அடியில் விரல் நீளப் பிஞ்சோடு, அந்தப் பிஞ்சிலேயே வரம்புகள் தெரிகிற மாதிரி வருகிறது. அன்று மதியமே ஆயா மறுநாள் விரியப்போகிற ஒரு பெண் மொட்டையும் இரண்டு ஆண் மொட்டுகளையும் பார்த்து, நுனியில் நூலால் தளர்வாகக் கட்டி வைத்திருந்தார். வண்டு உள்ளே போகாமல் இருக்கத்தான் அது. மறுநாள் மாலை நூலை அவிழ்த்து, ஆண் பூவின் இதழ்களைக் கிள்ளிப்போட்டு, நடுவில் இருந்த மகரந்தத்தைப் பெண் பூவுக்குள் மூன்று முறை தொட்டார். மறுபடியும் நூலைக் கட்டினார். பிஞ்சின் காம்பில் ஒரு சிவப்புத் துணி. "இது சமையலுக்கு இல்லை என்று வீட்டில் எல்லாருக்கும் தெரிய வேண்டும் அல்லவா" என்றார்.

இத்தனை கவனம் எதற்கு என்றால், கொடிக் காய்கள் தம் இனத்துக்குள் எளிதில் கலந்துவிடும். பக்கத்துத் தெருவில் வேறு வகைப் பீர்க்கு இருந்தால் போதும், வண்டு அந்த மகரந்தத்தைக் கொண்டுவந்துவிடும். அந்த வருடக் காயில் வித்தியாசம் தெரியாது. அதன் விதையை நட்டு அடுத்த வருடம் காய்த்த பிறகுதான் தெரியும். சுரையிலும் பூசணியிலும் இது ருசியோடு நிற்கிற விஷயம் இல்லை. காட்டு வகையோடோ அழகுக்கு வளர்க்கும் வகையோடோ கலந்தால் கசப்புக் காய் வரலாம். அந்தக் கசப்பு நஞ்சு. சுரைக்காயோ பீர்க்கங்காயோ நறுக்கும்போது ஒரு சிறு துண்டை நாக்கில் வைத்துப் பார்த்து, கசந்தால் துப்பிவிட்டு முழுவதையும் எறிந்துவிட வேண்டும். வெண்டை, தக்காளி, பீன்ஸ் பெரும்பாலும் தம் பூவிலேயே கருவுறுபவை. விதை சேகரிக்கப் புதிதாகத் தொடங்குகிறவர்கள் அவற்றில் தொடங்குவது நல்லது.

விதையாக வராதவற்றுக்கும் வேலிதான் கடை. முருங்கைக் கிளையை யாராவது கழித்தால் கேட்டு வாங்கி, மணிக்கட்டுப் பருமனில் ஒரு மீட்டர் நீளத்துக்கு வெட்டி, வெட்டு வாய் காய இரண்டு மூன்று நாள் நிழலில் வைத்து நடலாம். நான் முதல் கிளைக்குத் தினமும் தண்ணீர் ஊற்றி அழுக வைத்தேன். வாரம் இரண்டு முறை போதும். ஆனால் புயல் வருகிற இந்தத் தீவில், இடம் இருப்பவர்கள் விதையிலிருந்து முருங்கை வளர்ப்பது மேல் என்பது என் எண்ணம். விதை மரத்துக்கு ஆணிவேர் உண்டு, கிளை நட்ட மரம் காற்றுக்குச் சீக்கிரம் சாயும். கறிவேப்பிலைக் கிளையை ஒடித்து நட்டு நான் மூன்று முறை தோற்றேன். வேரிலிருந்து கிளம்பும் பக்கக் கன்றை வேரோடு தோண்டி எடுத்தால் பிழைக்கிறது. அல்லது கறுத்துப் பழுத்த பழத்தின் சதையை நீக்கி அன்றே விதைக்க வேண்டும். உலர்த்தி வைத்தால் சில வாரங்களில் உயிர் போய்விடும். கறிவேப்பிலை மரத்தடியில் பறவைகள் போட்ட நாற்றுகள் எப்போதும் இருக்கும். மரத்துக்காரருக்கு அது களை, கேட்டால் மகிழ்ந்து கொடுப்பார். புதினா, எலுமிச்சம்புல், வெங்காயத் தாளின் அடிவேர் பற்றி எழுத ஒன்றுமில்லை. தண்ணீர்க் குவளையில் வைத்தால் போதும்.

வாழைக்கு நான் கோயிலுக்குப் போனேன். காவடித் திருநாளில் ஏழு கறியோடு இலை போடுகிற கோயிலில் வாழை இல்லாமல் இருக்குமா? பின்புறத்துத் தோட்டத்தில் கன்று நெருக்கி வளர்ந்திருந்தது. பராமரிப்பவரிடம் கேட்டபோது, எப்படியும் கழிக்க வேண்டியதுதான் என்று மண்வெட்டியைக் கையில் கொடுத்தார். அகன்ற இலையோடு பார்க்க அழகாக இருக்கும் கன்றை எடுக்கக் கூடாது. அது நீர்க்கன்று, நல்ல குலை தராது. இலை குறுகி ஈட்டி போல் நிற்கிற கன்றைத் தாய்க்கிழங்கை ஒட்டி வெட்டி எடுக்க வேண்டும். அடுத்த காவடிக்கு ஐம்பது இலை கொண்டுபோய்க் கொடுத்தேன்.

எல்லாவற்றையும் இலவசமாகவே பெற வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பதும் தவறு. முட்டைக்கோசு, காலிஃபிளவர் போன்றவை விதை வைக்கக் குளிர் வேண்டும். இங்கே நம் வீட்டில் அது நடக்காது. அவற்றை நான் பாக்கெட்டாகத்தான் வாங்குகிறேன், அல்லது நாற்றாக. வீட்டுக்கு ஆறு கோசுச் செடி போதும் என்றால் ஒரு பாக்கெட் விதையைவிட ஆறு நாற்று மலிவு. போ பாசேனில் இருக்கும் பார்க்லி அரசு வேளாண் பரிசோதனை நிலையத்தில் விதை விற்கிறார்கள், விசாரித்துவிட்டுப் போகலாம். பாக்கெட் வாங்கும்போது படத்தைப் பார்க்காதீர்கள், பின்புறத்தைப் பாருங்கள். பொதி கட்டிய தேதி, முளைப்புத் திறன் சதவீதம், வீரிய ஒட்டு ரகத்தைக் காட்டும் எஃப்1 என்ற குறி. எஃப்1 இருந்தால் அது ஒரு பருவத்துக்கு மட்டும் என்று கணக்குப் போட்டுக்கொள்ள வேண்டும். விதை இளஞ்சிவப்பாகவோ நீலமாகவோ சாயம் பூசியிருந்தால் பூஞ்சை மருந்து கலந்தது என்று பொருள், கையுறை இல்லாமல் தொடக் கூடாது, குழந்தைகள் கையில் கிடைக்கக் கூடாது. இரண்டு வீட்டுக்கு ஒரு பாக்கெட் என்று பிரித்துக்கொண்டால் 50 ரூபாய் 25 ஆகிவிடும். நானும் என் சக ஆசிரியை ஒருவரும் ஐந்து வருடமாக அப்படித்தான் செய்கிறோம். அவர் வீடு வாகுவாவில்.

இந்தியாவுக்குப் போகிறவர்களிடம் விதை வாங்கிவரச் சொல்வது நம்மவர்களின் பழக்கம். நானும் 2022இல் தமிழ்நாட்டிலிருந்து திரும்பும்போது ஆறு வகை நாட்டு விதைகளைத் துணிக்குள் சுருட்டிக் கொண்டுவந்தேன். விமான நிலையத்தில் எடுத்துவைத்துக்கொண்டார்கள். வருத்தமாக இருந்தது. ஆனால் அவர்கள் செய்தது சரி. இங்கே 2006ஆம் ஆண்டின் தாவரப் பாதுகாப்புச் சட்டப்படி விதைக்கு முன்கூட்டியே இறக்குமதி அனுமதி வேண்டும், புறப்படும் நாட்டிலிருந்து தாவர நலச் சான்றிதழும் வேண்டும். ரெதுயியில் இருக்கும் தேசியத் தாவரப் பாதுகாப்பு அலுவலகம்தான் இதைப் பார்க்கிறது. விதையின் உறைக்குள் நச்சுயிரும் பூஞ்சையும் ஒளிந்து வரும். ஒரு சிறு தீவில் ஒரு புதுநோய் புகுந்தால் ஓடி ஒளிய வேறு மாவட்டம் கிடையாது. என் ஆசைக்கு ஆயாவின் பீர்க்கு பலியாகியிருந்தால் அதை எப்படித் தாங்கியிருப்பேன்?

சேமிப்பில் நமக்குப் பகை ஈரம். விதையின் ஈரப்பதம் ஒரு சதவீதம் குறைந்தால் ஆயுள் இரட்டிக்கும், வைக்கும் இடத்தின் வெப்பம் 5 டிகிரி குறைந்தாலும் இரட்டிக்கும் என்று விதை அறிவியலில் ஒரு தோராயக் கணக்கு உண்டு. நான் நிழலில் காய வைத்து, காகித உறையில் பெயரும் மாதமும் எழுதி, கண்ணாடிப் பாட்டிலின் அடியில் சூடாக வறுத்து ஆற வைத்த அரிசியைப் போட்டு, மேலே உறைகளை அடுக்கி இறுக மூடுகிறேன். அரிசி ஈரத்தை இழுத்துக்கொள்ளும். பாட்டிலைக் குளிர்ப்பெட்டியின் கீழ்த்தட்டில் வைக்கிறேன். வெளியே எடுத்தால் உடனே திறக்காமல், அறைச் சூட்டுக்கு வரும்வரை காத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே வியர்த்துவிடும். வெங்காய விதை ஒரு வருடத்துக்கு மேல் நம்ப முடியாது. தக்காளியும் கத்தரியும் நான்கு வருடம் தாங்கும்.

குளிர்ப்பெட்டிக்குள் வைக்கும் பழக்கம் பிந்தித்தான் வந்தது. அதற்கு முன் பாட்டில் பின்கட்டு அலமாரியில் இருந்தது. 2024 ஜனவரி 15 அன்று பெலால் புயல் வந்தபோது அலமாரியின் கதவு பெயர்ந்து, பாட்டில் உடைந்து, உறைகள் எல்லாம் நனைந்து கூழாகிவிட்டன. பின்னால் பந்தலும் விழுந்து, காய்த்துக்கொண்டிருந்த கொடியும் போயிற்று. ஆயா அதற்கு முந்தின வருடமே காத்ர் போர்னில் மகன் வீட்டு மாடிக்குக் குடிபோயிருந்தார். அவருடைய பழைய தோட்டத்தில் சிமெண்ட் போட்டு வண்டி நிறுத்துகிறார்கள். இரண்டு நாள் கழித்துத்தான் எனக்கு உறைத்தது, அந்தப் பீர்க்கு இனி என் கையில் இல்லை என்று.

வாகுவா ஆசிரியைக்கு நான் 2021இல் பன்னிரண்டு விதை கொடுத்திருந்தேன். கேட்டபோது அவரிடம் பதினேழு இருந்தன. இரண்டு வருடம் பழையவை. பத்து எனக்குக் கொடுத்தார். சோதனைக்குப் பத்து விதையை வீணாக்க மனம் வரவில்லை. எல்லாவற்றையும் ஈரத் துணியில் வைத்து, முளைத்ததை அப்படியே தேங்காய்ச் சிரட்டையில் மண்ணோடு வைத்தேன். ஆறு பிழைத்தன. மூன்றை வாகுவாவுக்குத் திருப்பி அனுப்பினேன்.

அந்த ஏப்ரலில் முதல் பிஞ்சுகள் நான்கை ஒரு பையில் போட்டுக்கொண்டு ஆயாவைப் பார்க்கப் போனேன். கண் பார்வை மங்கியிருந்தது. காயைக் கையில் வாங்கி, கட்டைவிரலால் வரம்புகளை ஒவ்வொன்றாகத் தடவி எண்ணிக்கொண்டே போனார்.

"விதைக்கு எத்தனை விட்டிருக்கிறாய்?"

"இரண்டு, ஆயா. சிவப்புத் துணி கட்டியிருக்கிறேன்."

"ஒன்று காற்றுக்கு, ஒன்று எலிக்கு. உனக்கு எங்கே?" என்றார்.

வீட்டுக்குத் திரும்பியபோது ஐந்து மணி தாண்டியிருந்தது. பந்தலில் ஒரே ஒரு பெண் மொட்டு மறுநாள் விரியும் பதத்தில் இருந்தது. நூலைத் தேடி எடுத்துக்கொண்டு போனேன்.